தண்ணீர் நின்ற உயரம்

சிங்கப்பூரில் ரோச்சோர் கால்வாய் பொங்கினால் சிராங்கூன் ரோட்டில் எந்தக் கடையில் எந்த அலமாரிப் பலகை வரை நனையும் என்று சரியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என்ஜினியர் இல்லை. வடிகால் பிரிவில் அளவுகோல் பிடிக்கும் தொழிலாளி. பெயர் வைரக்கண்ணு. நான் அதே ஆபீசில் மாடியில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து வரைபடங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தவன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதுவார்கள் என்று பல வருஷம் காத்திருந்து அலுத்துப்போய் நான் எழுதுகிறேன்.

ஆள் நல்ல நெட்டை, ஒல்லி. அளவுகோலையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்தால் எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று தெரியாது என்று ஆபீசில் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

வெள்ளம் வடிந்த மறுநாள் அவருக்கு வேலை ஆரம்பமாகும். வீடு வீடாக, கடை கடையாகப் போவார். சுவரில் சேற்றுக்கறை எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். பிறகு என்ஜினியர், ஒரு வெள்ளைக்காரத் துரை, கருவியோடு வந்து அந்தக் கோடு கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று அளப்பார். அந்தக் கணக்கு என் மேஜைக்கு வரும். கால்வாயை எத்தனை அடி அகலப்படுத்துவது, சாலையை எவ்வளவு உயர்த்துவது, புதிதாகக் கட்டுகிறவன் தரையை எந்த மட்டத்தில் போடுவது என்று எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். சுவரில் கோடு இல்லையென்றால் நான் வரைகிற படம் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

ஆபீஸ் கால்வாயை அகலப்படுத்துகிறவரை ஜனங்கள் சும்மா இருக்க முடியுமா? அவரிடமே கேட்பார்கள். மளிகைக்கடை காதர் மைதீன் அவரைக் கேட்டுத்தான் அரிசி மூட்டைக்கு மேடை கட்டினார். வாசல் நிலையில் பள்ளம் வெட்டி, மழைக்காலத்தில் பலகைகளைச் செருகி, இடுக்கில் களிமண் அப்பி அடைக்கிற வித்தை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பலகை வேண்டும் என்பதை மட்டும் வைரக்கண்ணுவிடம் கேட்பார்கள். அவர் ரேஸ் கோர்ஸ் ரோடு என்றால் மூன்று, கெர்பாவ் ரோடு என்றால் இரண்டு என்று யோசிக்காமல் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ குடும்பம் அரிசியையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் நனையாமல் காப்பாற்றியிருக்கிறது. வெள்ளம் வந்த வாரத்தில் எந்த வீட்டிலும் அவருக்குக் காப்பி உண்டு. மற்ற ஐம்பது வாரமும் அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொழிலாளர் லைனில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்திருந்தார். மனைவி ஊரில். நாற்பத்தொன்பதாம் வருஷம் விடுப்பில் போய் வேதாரண்யம் பக்கத்தில் பூவம்மா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பத்து மாதம் சேர்ந்திருந்துவிட்டு, ஐம்பது மார்ச்சில் திரும்பி வந்தவர். அந்தக் காலத்தில் இங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கப்பல் ஏறுவதுதான் குடும்ப வாழ்க்கை.

ஐம்பத்திரண்டு நவம்பர் கடைசியில் வேதாரண்யக் கரையில் பெரும்புயல் அடித்தது. கடல் ஊருக்குள் வந்தது. பூவம்மாவின் தம்பி தண்ணீரோடு போய்விட்டான். அதற்கப்புறம் அவள் எழுதிய கடிதத்தை வைரக்கண்ணு எண்ணெய்க் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எனக்கும் ஒருநாள் காட்டினார். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து குண்டு குண்டாக இருந்தது. ‘என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. தண்ணி வராத வீடா மட்டும் பாத்து வைங்க. மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல.’

அவள் கேட்டது அவ்வளவுதான். கேட்கப்பட்டவரோ இந்த ஊரில் எங்கெல்லாம் தண்ணீர் வரும் என்று அளக்கிறதையே வேலையாக வைத்திருந்தவர்.

தேடித் தேடி, ஐம்பத்துநான்கு கடைசியில் கெர்பாவ் ரோட்டில், தெருவில் தண்ணீர் வந்தாலும் மாடிக்கு ஏறாது என்று, மாடியில் ஓர் அறை பிடித்தார். ஜனவரி கடைசியில் புறப்படுகிற கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தார். போய்ப் பூவம்மாவைக் கையோடு கூட்டி வருவதாக ஏற்பாடு. ஆபீசில் எல்லாரிடமும் சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருப்பதாக என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

டிசம்பரில் வெள்ளம் வந்தது. கடல் ஏறியிருந்த நேரமாகப் பார்த்து மழை கொட்டியதால் கால்வாய்த் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, தெருவுக்குள் திரும்பிவிட்டது. வடிந்ததும் வைரக்கண்ணு தார் டப்பாவும் தூரிகையுமாகக் கிளம்பினார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முதல் வீடே என் வீடு. என் மனைவி லீலா வாசலில் வந்து நின்றுகொண்டு, பொங்கல் வருகிறது, சுவரில் தார் பூச வேண்டாம், எத்தனை வெள்ளை அடித்தாலும் கறுப்பு மேலே வந்துவிடும் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொன்னேன்.

“கரியால போடுங்கண்ணே. துரை இன்னும் ஒரு வாரத்துல வந்து அளந்துடுவாரு. அதுக்கப்புறம் கோடு எதுக்கு?”

மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். தெரு முழுக்க அடுப்புக்கரியால் கோடு போட்டார். எல்லா வீட்டுப் பெண்களுக்கும் சந்தோஷம்.

துரை கிறிஸ்துமஸுக்கு மலைப்பக்கம் போனார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டு ஜனவரி இருபதாம் தேதிதான் திரும்பினார். நடுவில் பொங்கல் வந்து போய்விட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத தமிழன் வீடு உண்டா? நானே ஏணியில் ஏறி இரண்டு பூச்சு அடித்தேன். அடிக்கும்போது அந்தக் கரிக்கோடு கண்ணில் பட்டது, அதன் மேலேயே தூரிகையை இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றும் உறைக்கவில்லை. ஆபீசில் நாங்கள் ஏழு பேர் தமிழர்கள், ஒருவனுக்கும் உறைக்கவில்லை. வைரக்கண்ணுவுக்கும்தான். அவர் லைன் அறைக்கு அவரே சுண்ணாம்பு கரைத்தாராம். சீனர்களுக்கும் அந்த வருஷம் புதுவருஷம் இருபத்துநான்காம் தேதி, அவர்களும் சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். துரை கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் தெருவே பளிச்சென்று கல்யாண வீடு மாதிரி நிற்கிறது. முஸ்லிம்களின் நோன்புப் பெருநாள் மே மாதத்தில்தான் என்பதால் காதர் மைதீன் கடையிலும் இன்னும் நாலைந்து கடைகளிலும் மட்டும் கோடு தப்பியிருந்தது.

துரை கத்தவில்லை. கோடுகள் எல்லாம் மறுபடி கிடைக்கிறவரை வைரக்கண்ணுவுக்கு விடுப்பு இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரி யோசனை என்னுடையது என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பிள்ளை பிறந்து இரண்டு மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் காரணங்களை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், சமாதானமாகவில்லை. கப்பல் அவர் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த மூன்று மாதம் அவர் செய்த வேலையை இன்னொருவர் செய்திருக்க முடியாது. வெள்ளையடிக்கிறவன் அலமாரியை நகர்த்த மாட்டான் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அலமாரி அலமாரியாக நகர்த்தி அதன் முதுகைப் பார்த்தார். சாமி படங்களைக் கழற்றிப் பார்த்தார். கதவு நிலையின் உட்பக்கம், கடிகாரப் பெட்டி, துணி மூட்டையின் அடி என்று எங்கே பழுப்புக்கறை ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்தார். ஒன்றும் கிடைக்காத வீட்டில் ஆட்களையே கோலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். இடுப்பு வரை வந்தது என்று சொன்ன பாக்கியலட்சுமி அம்மாளை நிற்கவைத்து இடுப்பை அளக்க, அவர் புருஷன் சண்டைக்கு வந்த கதை தெரு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. இந்தத் தடவை எல்லாக் கோட்டையும் தாரால் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் சொன்ன யோசனை அவருக்கு இன்னொரு விதத்திலும் வினையாக முடிந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட்டார். தான் பிடித்திருந்த கெர்பாவ் ரோட்டு வீட்டிலும் கீழே அலமாரியை நகர்த்திப் பார்த்தார். முழங்காலுக்கு மேல் கறை. படுக்கிற அறை மாடியில் இருந்தாலும் சமையலும் குழாயடியும் கீழே. தண்ணீரில் நின்றுகொண்டா அவள் சோறு வடிப்பாள் என்று சொல்லி அறையை விட்டுவிட்டார்.

பிறகு நான் அவருக்கு வீடு தேடினேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. பஃபலோ ரோட்டில் ஒன்று காட்டினேன். நல்ல அறை, ஜன்னல் இரண்டு. அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, நேரே மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். காத்தோங்கில் மேடான இடத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது. கடல் சத்தம் கேட்கிறது, அவளுக்குத் தூக்கம் வராது என்றார். கேலாங்கில் பார்த்த வீட்டில் எந்தக் கறையும் இல்லை. இரண்டு தெரு தள்ளிக் கறை இருக்கிறதே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது வீடா, மலையா என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். “என்ன தம்பி செய்யறது? மத்தவங்க சுவத்தப் பாத்தா சுவரு தெரியுது. எனக்குக் கோடு தெரியுது.”

அதற்குள் ஊருக்கு ஒரு தடவை போய் வாருங்களேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். வீடு இல்லாமல் போய் நின்று, மறுபடி அவளை விட்டுவிட்டு வருவதா, ஒரேயடியாகக் கூட்டி வரத்தான் போவேன் என்றார். இன்னும் ஒரு மழைக்காலம் பார்த்துவிடலாம் என்பார். மழைக்காலம் முடிந்ததும் இன்னும் ஒன்று. மாதாமாதம் பணமும் கடிதமும் தவறாமல் போயின. இந்த வருஷம் தண்ணீர் எங்கே எத்தனை அடி நின்றது, கால்வாய் வேலை எவ்வளவு ஆயிருக்கிறது, எந்த வீட்டைப் பார்த்தேன், ஏன் வேண்டாம் என்றேன் என்று அதில் எழுதுவார். வேறென்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். வேறென்ன இருக்கிறது தம்பி என்றார். அது உண்மைதான். வேலை முடிந்தால் லைனுக்குப் போவார், சாப்பிடுவார், படுப்பார். ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் நடப்பார்.

அறுபதாம் வருஷம் குவீன்ஸ்டவுனில் அரசாங்கக் குடியிருப்பில் நாலாம் மாடியில் அவருக்கு வீடு கிடைத்தது. விண்ணப்பத்தில் பூவம்மா பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார். சாவி வாங்கிய அன்று என்னையும் கூட்டிப் போனார். கட்டடம் மேட்டில் இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், மேலே வந்து எட்டிக் கீழே பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். குழாய், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் நாலாம் மாடியிலேயே என்று வீட்டு வேலைக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்வது மாதிரி எனக்கு விளக்கினார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெரிய கட்டில் ஒன்றும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் வாங்கிப் போட்டார்.

அடுத்த வாரம் குடிநுழைவு ஆபீசுக்குப் போனோம். படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் தமிழர்தான், சின்ன வயசு. கடைசியாக மனைவியோடு எப்போது சேர்ந்திருந்தீர்கள் என்று கேட்டார். வைரக்கண்ணுவுக்கு எதையும் உத்தேசமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

“ஐம்பதாம் வருஷம் மார்ச் மாசம் பதினொண்ணாம் தேதி காலையில.”

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்தான். சட்டம் மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றான். ஐந்து வருஷத்துக்கு மேல் புருஷனைப் பிரிந்து ஊரிலேயே இருந்த மனைவியை இனி உள்ளே விட மாட்டார்கள். இவர் ஐம்பத்தேழிலேயே குடியுரிமைக்குப் பதிந்தவர் என்று நான் தாளை எடுத்து நீட்டினேன். அவன் தலையை ஆட்டினான். “உங்களுக்குப் பிரச்சனை இல்ல லா. அவங்களுக்குத்தான்.”

வைரக்கண்ணுவுக்கு முதலில் புரியவில்லை. வீடு இருக்கிறது, நாலாம் மாடி என்று அவனிடம் சொன்னார். சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்தப் பையன் நல்லவன், சாவியைத் தொடாமல், அண்ணே எடுத்துக்கங்க, அண்ணே எடுத்துக்கங்க என்று இரண்டு தடவை சொன்னான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஐம்பத்தைந்து ஜனவரிக் கப்பலைத் தவிர வேறு நினைப்பில்லை. அதில் அவர் போயிருந்தால் பூவம்மா இந்நேரம் ஐந்து வருஷமாக இங்கே இருந்திருப்பாள். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். கரியைப் பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மேல் முறையீடு எழுதினோம். இரண்டு வரியில் பதில் வந்தது. முடியாது.

ஊருக்கே போய்விடலாமே என்று கேட்டேன். பென்ஷனுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. இங்கிருந்து போகிற பணத்தில்தான் பூவம்மாவும் அவள் தாயாரும் சாப்பிட்டார்கள். நடந்ததை மறைக்காமல் அவளுக்கு எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். லீலா உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, நான் படித்தேன், சரியாகத்தான் படித்தேனா என்று பாருங்கள் தம்பி என்றார். படித்தேன்.

‘தண்ணி வராத வீடு வேணும்னு நான் எழுதினது ஒரே ஒரு தடவ. தம்பி செத்த துக்கத்துல எழுதினது. அதுக்கப்புறம் எட்டு வருசமா எப்ப கூப்பிடுவீங்க, எப்ப கூப்பிடுவீங்கன்னுதான் எழுதிட்டிருக்கேன். நீங்க அந்த முதல் கடுதாசிக்கே பதில் எழுதிட்டிருந்தீங்க. இடுப்பளவுத் தண்ணின்னாலும் நீங்க பக்கத்துல இருந்தா நான் நின்னுருப்பேன். இதை உங்க மேல கோவப்பட்டு எழுதல. உடம்பப் பாத்துக்குங்க.’

கடிதத்தைத் திருப்பி நீட்டினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த லீலா உள்ளே போய்விட்டாள், அவள் அழுவது கேட்டது. வைரக்கண்ணு கடிதத்தை வாங்கி மடித்தார். இனிமேல் மாதாமாதம் அவளுக்கு என்ன எழுதுவது தம்பி என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அந்த டிசம்பரில் மழை விடாமல் பெய்தது. கால்வாய் அகலப்பட்டிருந்ததால் எங்கள் தெருவில் கணுக்காலோடு நின்றது. வாசலில் பலகையே செருகவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். சாவி வாங்கிய நாளுக்குப் பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை. அதுவும் வெட்கக்கேடுதான். கதவைத் திறந்துவிட்டு, திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டார். தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. அரிசி டின் தலைக்கு மேலே பலகையில் இருந்தது. கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மூன்று மூன்று செங்கல். கண்ணாடியைத் தரையில் வைக்காமல் அதற்கும் ஒரு மேடை கட்டியிருந்தார். நாற்பது அடிக்குக் கீழேதான் மண் தரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. இங்கே எதற்கண்ணே செங்கல், நாலாம் மாடிக்குத் தண்ணீர் வந்தால் சிங்கப்பூரே இருக்காதே என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“தெரியும் தம்பி. அவ வந்து பாத்தா தைரியமா இருக்கும்னு, கட்டில் கொண்டாந்த ஆளுங்கள விட்டு அப்பவே வச்சேன். எடுக்க ஆள் வேணும். கட்டில ஒருத்தனா தூக்க முடியல.”

நான் ஒரு பக்கம் தூக்கி, அவரைச் செங்கல்லை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்திருக்கவில்லை, நானும் குனியவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, மழை விட்டதும் கிளம்பினேன்.